மரண பயம் பிடித்து ஆட்டும்போது: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

நள்ளிரவில் நெஞ்சு படபடத்து எழுந்து உட்கார்ந்து, "இதோ செத்துவிடப் போகிறேன்" என்று நடுங்குகிறவர்களுக்காக இது எழுதப்பட்டது. உடம்பில் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும், சாவைப் பற்றிய நினைப்பு தூக்கத்தையும் வேலையையும் தின்றுகொண்டிருப்பவர்களுக்கும் பொருந்தும். பெங்களூரில் பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) தனியாகத் தங்கி வேலை பார்ப்பவர்களையும், அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் தலைமுறைகளாகக் குடும்பத்தோடு இருப்பவர்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

இதில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தடுமாறுகிறார்கள். ஒரு முறை செய்ய வேண்டிய உடல் பரிசோதனையை ஆறு முறை செய்கிறார்கள். "செத்த பிறகு என்ன?" என்ற கேள்வியை முதல் வேலையாக, அதுவும் இரவு 2 மணிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் கீழே உள்ள எண்களைத் தாண்டிப் போகாதீர்கள்.

தொடங்குமுன் வேண்டியவை: ஒரு 80 பக்க நோட்டு, ஒரு பேனா, விஷயத்தைச் சொல்லிவைக்க நம்பிக்கையான ஒருவர், எட்டு முதல் பன்னிரண்டு வாரப் பொறுமை. ஃபோனில் 14416 (அரசின் மனநல உதவி எண்), 108 (ஆம்புலன்ஸ்), 112 (அவசர உதவி) மூன்றையும் இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள். பயம் வந்த பிறகு எண் தேடும் நிதானம் இருக்காது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சாவுக்குப் பயப்படுகிற அதே மனதில், "இந்த அவஸ்தைக்கு ஒரேயடியாகப் போய்விடலாம்" என்ற எண்ணமும் வரலாம். இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வமில்லை. அப்படி ஒரு எண்ணம் இருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு 14416ஐ அழையுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். கை மீறிப் போகிறது என்றால் 112ஐ அழையுங்கள், அல்லது அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

1. உடம்பைப் பாருங்கள், ஒழுங்காக, ஒரே முறை

முதல் முறை நெஞ்சு அடைத்து மூச்சு முட்டினால், "இது வெறும் பயம்தான்" என்றோ "கேஸ் பிராப்ளம்" என்றோ நீங்களே முடிவு கட்டாதீர்கள். நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தாற்போன்ற அழுத்தம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, வாந்தி, மயக்கம், நடந்தால் கூடுகிற வலி ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகளாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலி பெரிதாகத் தெரியாமலும் மாரடைப்பு வரும். 108ஐ அழையுங்கள். ஜெயநகர் 9ஆம் பிளாக்கில், பன்னேருகட்டா சாலையில் உள்ள ஜெயதேவா அரசு இருதய மருத்துவமனையைப் போல, இதயத்துக்கான அவசரப் பிரிவு இருக்கும் இடம் நல்லது.

அவசரம் இல்லாத நிலையில் ஒரு பொது மருத்துவரிடம் போய் ஈசிஜி, பிபி, ரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தம் குறைந்தாலும், இதயத் துடிப்பின் தாளம் தவறினாலும் இதே படபடப்புதான் வரும். அவற்றுக்குச் சிகிச்சை வேறு.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை: ஒரு நாளைக்கு எத்தனை காபி, எனர்ஜி டிரிங்க், சிகரெட், மது; ஆஸ்துமா இன்ஹேலர்; சளி மாத்திரை. தினமும் குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினாலும் கைநடுக்கத்தோடு இந்தப் பயம் வரும். அதற்கு மருத்துவ மேற்பார்வை கட்டாயம் வேண்டும், வீட்டில் சமாளிக்கக் கூடாது.

கிளம்புமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த அறிகுறி வந்தால் நான் திரும்ப வர வேண்டும்?" பதிலை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். இந்தப் பக்கம் இல்லாதவர்கள்தான் ஒவ்வொரு வாரமும் புது மருத்துவமனையில் ஈசிஜி எடுக்கிறார்கள். பக்கத்தில் எழுதியது வந்தால் தயங்காமல் போங்கள். எழுதாதது வந்தால் மூன்றாம் படிக்குப் போங்கள்.

காபியைக் குறைப்பதும் இந்தப் படியிலேயே. ஒரேயடியாக நிறுத்தினால் தலை வலிக்கும். அந்தத் தலைவலியை மூளைக் கட்டி என்று நினைத்துப் புதுப் பயம் தொடங்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு கப் வீதம் குறையுங்கள். முழு கப் கேட்கும் இடத்தில் பை டூ (ஒரு காபியை இருவருக்குப் பகிர்ந்து தருவது) சொல்லுங்கள். மதியம் 12க்கு மேல் வேண்டாம்.

2. எதற்குப் பயம் என்று எழுதுங்கள்

"சாவு பயம்" என்ற ஒரே பெயரில் பல பயங்கள் இருக்கின்றன. இந்த நிமிடமே செத்துவிடுவேன் என்பது ஒன்று. பெரிய நோய் இருக்கிறது, கண்டுபிடிக்கவில்லை என்பது வேறு. "நான்" என்பதே இல்லாமல் போய்விடுமே என்ற திகைப்பு இன்னொன்று. பிள்ளைகளுக்கு யார் என்ற கவலை, அம்மா அப்பா போய்விடுவார்களே என்ற நடுக்கம், வலியோடு சாவேனோ என்ற அச்சம், தூங்கினால் எழமாட்டேன் என்ற பயம் என்று நீளும்.

நோட்டில் "நான் பயப்படுவது என்னவென்றால்..." என்று தொடங்கி ஐந்து முறை முடியுங்கள். ஐந்தில் எது வயிற்றைப் பிசைகிறதோ அதுதான் உங்களுடையது. முதலிரண்டு வகை என்றால் 3, 4, 6ஆம் படிகளில் அதிக நேரம் செலவிடுங்கள். இல்லாமல் போவது பற்றியது என்றால் 5. குடும்பம் பற்றியது என்றால் 7.

தூக்க பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "சாவு தூக்கம் மாதிரிதான்" என்று பெரியவர்கள் ஆறுதலுக்குச் சொல்வார்கள். பயந்தவர் காதில் அது தலைகீழாக விழும். அன்றிலிருந்து தூக்கமே சாவு மாதிரி ஆகிவிடும். தூங்கப் போகும் நொடியில் உடம்பு ஒரு முறை தூக்கிப் போடுவது இயல்பானது, ஆரோக்கியமானவர்களுக்கும் வரும். அசந்து தூங்கும்போதே படபடப்பு வந்து எழுப்பிவிடுவதும் இந்தப் பயத்தில் உண்டு.

அண்மையில் நெருங்கியவரை இழந்தவர்கள் ஆறாம் படியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது துக்கம், அழவும் பேசவும் நேரம் கொடுக்க வேண்டும், பயிற்சி கொடுக்க அல்ல.

3. அலை அடிக்கும் பத்து நிமிடம்

ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் பாய்கிறது. ஓடுவதற்குத் தயாராக இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு கூடுகிறது. தேவைக்கு மேல் மூச்சு விடுவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் நுனியும் உதடும் மரத்துப்போவது, தலை சுற்றுவது, சுற்றியிருப்பது நிஜமில்லாதது போலத் தோன்றுவது எல்லாம் அதனால்தான். இந்த அலை வழக்கமாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, அரை மணிக்குள் இறங்கும்.

அ) இருந்த இடத்திலேயே இருங்கள். வண்டி ஓட்டினால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றுங்கள். மெட்ரோவில் என்றால் இறங்காமல் உட்காருங்கள். இறங்கியே தீர வேண்டும் என்றால் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அலை இறங்கியதும் அதே திசையில் அடுத்த ரயிலைப் பிடியுங்கள். வீட்டுக்குத் திரும்பி ஓடினால், "ஓடியதால்தான் பிழைத்தேன்" என்று மூளை பதிந்துகொள்ளும். நாளைக்கு மெட்ரோ படிக்கட்டிலேயே படபடக்கும்.

ஆ) பெயர் சொல்லுங்கள்: "இது அந்த அலை. 2.10க்கு வந்தது." நேரத்தைக் குறிப்பதால் அதற்கு ஒரு முடிவும் இருக்கிறது என்பது நினைவில் நிற்கும்.

இ) மூக்கால் நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடம். கை வயிற்றில் இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவர் "நல்லா ஆழமா இழு, ஆழமா இழு" என்பார், அதைக் கேட்காதீர்கள். ஏற்கெனவே மூச்சு அதிகம், பெருமூச்சு இழுத்தால் மரத்துப்போவது கூடும். காகிதப் பைக்குள் மூச்சு விடுவதும் வேண்டாம். உண்மையில் ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் அது ஆபத்து.

ஈ) "போ, போ" என்று விரட்டாதீர்கள். மூச்சுப் பயிற்சி உட்கார்ந்திருப்பதற்கான துணை. அலையை அடக்கும் ஆயுதமாக அதைப் பிடித்தால், "இன்னும் அடங்கலையே" என்று அடுத்த பயம் கிளம்பும்.

இரவில் வந்தால் இருபது நிமிடம் பார்த்துவிட்டுப் படுக்கையை விட்டு எழுந்துவிடுங்கள். படுக்கையில் புரண்டால் படுக்கையே பயத்தின் இடமாகிவிடும். மங்கிய விளக்கில், முன்பே முடிவு செய்துவைத்த சலிப்பான வேலை ஒன்று: பூண்டு உரிப்பது, துணி மடிப்பது. ஃபோன் வேறு அறையில். அறையைப் பகிர்ந்துகொள்பவர்கள் வராந்தாவிலோ சாப்பாட்டு அறையிலோ உட்காரலாம்.

4. சரிபார்ப்பதை விடுவது

மொத்த வழிகாட்டியிலும் கடினமானது இது. பலன் கொடுப்பதும் இதுதான். பயத்தை உயிரோடு வைத்திருப்பது சாவைப் பற்றிய நினைப்பைவிட, அந்த நினைப்பு வந்ததும் நாம் செய்யும் சிறு சிறு சோதனைகள்.

கழுத்தில் விரல் வைத்துப் பல்ஸ் பார்ப்பது. ஸ்மார்ட் வாட்சை மணிக்கு இருபது முறை பார்ப்பது. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பது. "இடது கை வலி" என்று கூகுளில் தேடுவது. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு இரவு ஒரு மணிக்கு ஃபோன் போட்டு, "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்பது. ஜாதகத்தில் ஆயுள் ஸ்தானம் பார்க்கச் சொல்வது. தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும் இல்லாமல் கடைக்குக்கூடப் போகாமல் இருப்பது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கண்ணில் படக் கூடாது என்று தெருவை மாற்றிப் போவது.

ஒவ்வொன்றும் சில நிமிட நிம்மதி தரும், பொய் இல்லை. ஆனால் "பார்த்ததால் தப்பித்தேன்" என்று மூளை கணக்கு வைக்கிறது. அடுத்த சந்தேகம் இன்னும் சீக்கிரம் வருகிறது.

செய்முறை இது. முதல் மூன்று நாள் எதையும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் நோட்டில் ஒரு கோடு போடுங்கள். கோடுகளைக் கூட்டினால் பலருக்கும் திகைப்பாக இருக்கும். நான்காம் நாள், பட்டியலில் ஆக எளியதை மட்டும் எடுங்கள். தோன்றியதும் செய்யாமல் பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். பத்து நிமிடம் கழித்தும் வேண்டும் என்றால் செய்யலாம். மூன்று நான்கு நாள் கழித்து அரை மணி, அடுத்த வாரம் இரண்டு மணி, பிறகு முழு நாள். அது அடங்கிய பிறகே அடுத்தது. மருத்துவர் அணியச் சொல்லாத வாட்சை இரவு 9 மணிக்குக் கழற்றி வைப்பது நல்ல தொடக்கம்.

இங்கே தவறுவது இரண்டு இடங்களில். திங்கட்கிழமை எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்துகிறவர்கள் புதன்கிழமை இரண்டு மடங்காகத் திரும்புகிறார்கள். மற்றது, ஆள் மாற்றிக் கேட்பது: கூகுளை விட்டுவிட்டு ஏஐ-யிடம், அதை விட்டால் ரூம்மேட்டிடம். கேள்வி ஒன்றுதான் என்றால் கோடும் ஒன்றுதான்; போடுங்கள்.

சாமி கும்பிடுவதை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். தினமும் காலையில் விளக்கேற்றிக் கும்பிடுவது வேறு. "108 முறை சொல்லாவிட்டால் செத்துவிடுவேன், எண்ணிக்கை தவறினால் முதலிலிருந்து" என்பது வேறு. இரண்டாவது ஓசிடி-யாக (ஒரே எண்ணமும் செயலும் கட்டாயம் போலத் திரும்பத் திரும்ப வரும் மனநோய்) இருக்கலாம். மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

5. பெரிய கேள்விக்கு ஒரு நேரம்

"செத்த பிறகு நான் எங்கே?" என்று கேட்பதில் தவறில்லை. இரவு 2 மணி அதற்கான நேரமில்லை, அவ்வளவுதான். மாலை 6.30 போல, படுப்பதற்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாவது முடிகிற மாதிரி, இருபது நிமிடம் ஒதுக்குங்கள். நாற்காலியில், நோட்டோடு. மற்ற நேரத்தில் அந்த நினைப்பு வந்தால் ஒரு வரி குறித்துவிட்டு, "6.30க்கு" என்று சொல்லிக் கையில் இருக்கும் வேலைக்குத் திரும்புங்கள்.

குறித்ததை இரண்டாகப் பிரியுங்கள். செயல் இருக்கும் கவலை என்றால் தேதி போடுங்கள் (அதில் பாதி ஏழாம் படிக்குப் போகும்). பதிலே இல்லாத கேள்வி என்றால் அடியில் இப்படி எழுதுங்கள்: "இதற்கு இன்று பதில் இல்லை. பதில் இல்லாமலே இன்றைக்குச் சமைக்கப் போகிறேன்." அலாரம் அடித்ததும் எழுந்து உண்மையாகவே அந்த வேலையைச் செய்யுங்கள். பதில் கிடைத்தால்தான் வாழ முடியும் என்ற கட்டாயம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வது அந்த வேலையில்தான்.

மதுரையில் 1896இல், 16 வயதில், ரமணர் மரண பயத்தைப் பிணம் போலப் படுத்து எதிர்கொண்டதைப் படித்துவிட்டு, நள்ளிரவில் தனியாக அதையே செய்து பார்க்கிறவர்கள் நம்மில் உண்டு. படபடப்பு அடிக்கடி வரும் காலத்தில் வேண்டாம். உடம்பையே கவனித்துக்கொண்டு படுத்திருப்பது நான்காம் படியில் விட்ட சோதனையாகவே மாறிவிடும்.

6. பயத்தை நோக்கி ஏணி

நான்காம் படியில் குறைந்தது இரண்டு சோதனைகளாவது அடங்கிய பிறகு தொடங்குங்கள். தவிர்க்கும் விஷயங்களை எழுதி 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். 3 அல்லது 4இல் தொடங்குங்கள். 9இல் தொடங்கும் வீரம் முதல் நாளே ஓட வைத்துவிடும்.

உடம்பு சம்பந்தமான படிகள்: இரண்டு நிமிடம் படிக்கட்டு ஏறுவது, ஒரு நிமிடம் நாற்காலியில் சுற்றுவது, மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய ஸ்ட்ரா வழியாக ஒரு நிமிடம் மூச்சு விடுவது. படபடப்பும் தலைசுற்றலும் வந்தும் சாகவில்லை என்பதை உடம்பே கற்றுக்கொள்வதற்காக. இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவர் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது.

இடமும் பொருளும் சம்பந்தமானவை: "சாவு" என்ற சொல்லை வாய்விட்டுப் படிப்பது, தினத்தந்தியில் இரங்கல் செய்திகளைப் பார்ப்பது, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் முன் ஐந்து நிமிடம் நிற்பது, வில்சன் கார்டன் மின்மயானச் சாலையில் நடந்து போவது, சாவு மேளம் கேட்டால் கதவைச் சாத்தாமல் இருப்பது, தெரிந்தவர் வீட்டு இழவுக்குப் போய் இருபது நிமிடம் உட்காருவது.

ஒவ்வொரு முறையும் முன்னால் எழுதுங்கள்: "என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்?" திரும்பி வந்து எழுதுங்கள்: "என்ன நடந்தது?" இதை எழுதாமல் போய்விட்டு வருகிறவர்கள், "ஏதோ அதிர்ஷ்டம்" என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். பயம் பாதியாகும் வரை இருக்கப் பாருங்கள். வாரத்துக்கு நான்கைந்து நாள். இடைவெளி விட்டால் ஏணி வழுக்கும்.

ரத்தம், ஊசி பார்த்தால் மயங்குகிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். கை, தொடைத் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்கி, விட்டு, மறுபடி இறுக்க வேண்டும்.

7. பயத்தில் நியாயமான பங்கைக் காகிதத்தில் முடிப்பது

"நான் போனால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?" என்பதற்கு மூச்சுப் பயிற்சி பதில் ஆகாது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஒதுக்குங்கள்.

முதல் ஞாயிறு: வங்கிக் கணக்கு, பிஎஃப், காப்பீடு எல்லாவற்றிலும் நாமினி யார் என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் போட்ட பிஎஃப்-பில் இன்னும் பழைய பெயரே இருக்கும். எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, அது இருக்கும் இடத்தை ஒருவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் ஞாயிறு: உயில். வெள்ளைத் தாளில் எழுதலாம், நீங்கள் கையெழுத்திட்டதும் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், பதிவு கட்டாயமில்லை. சொத்து பெறப்போகிறவரைச் சாட்சியாக்காதீர்கள். முஸ்லிம்களுக்கு உயில் விதிகள் வேறு, வழக்கறிஞரைக் கேளுங்கள். நாமினி என்பவர் பொதுவாகப் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, வாரிசுரிமை வேறு என்பதால் இரண்டும் வேண்டும்.

வலியோடு, மெஷினோடு கிடந்து சாவேனோ என்று அஞ்சுகிறவர்கள் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தையும் எழுதலாம். உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்றுக்கொண்டு, 2023இல் நடைமுறையை எளிதாக்கியது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று.

முடித்ததும் கோப்பை மூடுங்கள். மாதந்தோறும் திறந்து திருத்தினால் அதற்கும் நோட்டில் கோடு. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இருப்பவர்கள் இந்தப் படியைத் தொடவே வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

8. கூட இருப்பவரிடம் என்ன சொல்லிவைப்பது

அலை இல்லாத நேரத்தில் சொல்லுங்கள். ரூம்மேட்டிடம்: "மச்சி, 'எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல'ன்னு கேட்டா பதில் சொல்லாத. 'அந்த அலைதான், பக்கத்துல இருக்கேன், பத்து நிமிஷம் உக்காருவோம்'னு மட்டும் சொல்லு." ஊரில் இருக்கும் அம்மாவிடம்: "ராத்திரி ஃபோன் பண்ணா தைரியம் சொல்ல வேணாம்மா. இன்னைக்கு என்ன சமைச்சேன்னு மட்டும் சொல்லு."

"இதுக்குப் போயா பயப்படுற", "எல்லாரும் ஒரு நாள் போறவங்கதான்" இரண்டுமே உதவாது. முதலாவது அவமானப்படுத்தும். அடுத்ததுதான் அவருடைய பயமே.

9. மருத்துவர், மருந்து

நான்கு வாரம் முயன்றும் அசையவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, தூங்க மது தேவைப்படுகிறது என்றால் காத்திருக்காதீர்கள். 14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசலாம்.

ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்ப் பதிவு செய்யுங்கள், அன்று முழுக்க விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை, பழைய ரிப்போர்ட், இந்த நோட்டு மூன்றும் கையில் இருக்கட்டும். கன்னடமோ ஆங்கிலமோ தடுமாறினால், தமிழ் தெரிந்த மருத்துவர் இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். பயத்தைப் பாதி மொழியில் சொன்னால் பாதிதான் போய்ச் சேரும். சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சை கிடைக்குமா என்றும் கேளுங்கள். இங்கே சொன்ன படிகள் பெரும்பாலும் அதிலிருந்து வருபவை.

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை கொடுத்தால், பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் படபடப்பு சற்றுக் கூடலாம். அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் மருத்துவரை அழையுங்கள். குணம் தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் தொடர்ந்து, அவர் சொல்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும். அல்பிரசோலம், குளோனசெபம் போன்ற மாத்திரைகள் பதற்றத்தை உடனே அடக்கும், ஆனால் பழக்கமாகிவிடும். நண்பரிடமிருந்து வாங்கிப் போடாதீர்கள், மதுவோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். மருத்துவமனையில் சேராமல் பார்க்கும் செலவு மட்டும் பாலிசிக்குப் பாலிசி மாறும், படித்துப் பாருங்கள்.

10. அடங்கிய பிறகு மறுபடி வந்தால்

வரும். தூக்கம் கெட்ட வாரத்தில், ஒரு இழவுச் செய்திக்குப் பிறகு, காய்ச்சலில் கிடக்கும்போது. முதல் பக்கத்தைப் பாருங்கள். அதில் உள்ள அறிகுறி இல்லை என்றால் மூன்றாம் படியைச் செய்யுங்கள். மறுநாள் காலை நோட்டை எடுத்து, விட்டுவிட்ட சோதனைகளில் எது சத்தமில்லாமல் திரும்பி வந்திருக்கிறது என்று தேடுங்கள். அநேகமாக ஒன்று இருக்கும்: வாட்ச் மறுபடி கைக்கு வந்திருக்கும், அல்லது அம்மாவுக்கு அந்த ஒரு மணி ஃபோன். அதற்குப் பத்து நிமிடத் தள்ளிப்போடலிலிருந்து தொடங்குங்கள்.